மாற்றி அனுப்பிய மதிப்பெண்கள்

செழியனுக்கு,

உன் பெயருக்கு முன்னால் வழக்கமாக எழுதும் சொல்லை இன்று எழுதவில்லை. மறந்துவிடவில்லை, மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு இடைப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது. "யாழினி, நிவேதா வீட்டுப் பெரியவங்க முன்னாடி ஒரு சாரி சொல்லட்டும். சொன்னா ஸ்டேஜுக்கு வரட்டும். இல்லன்னா வேண்டாம். என் கல்யாணத்துல எனக்கு டென்ஷன் வேண்டாம்." கூடப் பிறந்த தங்கைக்கு, பெண் வீட்டார் முன்னால் இப்படி ஒரு நிபந்தனையா என்று மூன்று முறை படித்தேன். அதன் பிறகு ஒரு தாளும் திருத்த முடியவில்லை. சிவப்பு மையை வைத்துக்கொண்டு கோபத்தில் உட்கார்ந்தால் யாரோ ஒரு பிள்ளையின் மதிப்பெண் குறைந்துவிடும் என்று கட்டி வைத்துவிட்டேன். அலைபேசியில் பதில் போட்டால் நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் தாளில் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்கியதற்கு நீ கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

தமிழில் இவ்வளவு நீளமாக எழுதியதைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். அந்தக் கஷ்டத்துக்குக் காரணமும் நான்தான். இருபத்தேழு வருடமாகப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், பெற்ற பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுக்க வைத்தேன். பிரெஞ்சில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரும், தமிழில் கட்டுரைக்குக் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். கட்-ஆஃபில் மொழிப்பாடம் சேராது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மொத்தம் பார்க்க அழகாக இருக்க வேண்டும், ரேங்க் பட்டியலில் பெயர் வர வேண்டும். என் ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் என் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். "உங்க பையனே உங்க சப்ஜெக்ட எடுக்கலையா டீச்சர்?" நான் வெட்கப்படவில்லை. அன்று எனக்கு வெட்கம் என்பதே இருக்கவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. எந்தக் குரூப் கிடைக்கும், எந்தப் பள்ளியில் கிடைக்கும், அந்தப் பள்ளியிலிருந்து போன வருடம் எத்தனை பேர் மெடிக்கல் போனார்கள், இதையே பேசிப் பேசி உன் அப்பாவைச் சாப்பிட விடாமல் செய்தேன். அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" நான் கேட்கவில்லை. நீ கணக்கும் கம்ப்யூட்டரும் போதும் என்று சொன்னாய். நான் பயாலஜியைச் சேர்த்துப் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, உன் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பேருந்தில் வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அன்று நடந்ததை நாம் இதுவரை பேசியதில்லை. இப்போது பேசிவிடுகிறேன், பிறகு எடுக்க மாட்டேன். ரிசல்ட் வந்தது. எந்த வீடாக இருந்தாலும் கொண்டாடியிருக்க வேண்டிய மதிப்பெண். மெடிக்கல் கட்-ஆஃபுக்கு மட்டும் கொஞ்சம் குறைந்தது. அப்பா அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனவரை நான் நிறுத்தினேன். "இதுக்கு எதுக்கு ஸ்வீட்டு? கேட்டா என்னன்னு சொல்றது?" நீ உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் செருப்பைக் கழற்றாமலே அந்தப் பெட்டியோடு திரும்பி இறங்கிப்போய், அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தார். நான் உன்னிடம் வந்து பிசிக்ஸ் மார்க்கைக் காட்டி, "மீதி எங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நீ மனதுக்குள் எங்கேயோ போட்டு வைத்திருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது. இதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிறேன். நிபந்தனை எதுவும் போடவில்லை. நீ என்னை மேடையேற்றினாலும் சரி, ஏற்றாவிட்டாலும் சரி, அது தப்பு. பன்னிரண்டு வருடத் தாமதம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் உனக்குச் செய்தது உனக்கு வலித்தது. வலித்ததை எடுத்துக்கொண்டு போய் உன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளிடம் அப்படியே இறக்கி வைத்தாயே, அதற்கு நான் பொறுப்பில்லை. "எல்லாம் உன்கிட்டதான்மா கத்துக்கிட்டேன்" என்று உன் நிச்சயதார்த்தத்தன்று ஹாலில் எல்லாரும் கேட்கச் சொன்னாய். என்னிடம் இன்னும் எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது உன் தேர்வு.

அப்பா போன அன்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாழினி ஏழாம் வகுப்புச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்தாள், பள்ளியிலிருந்து பாதியில் கூட்டி வந்திருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்து உன் கையில் கொடுத்து, "இனிமே நீதான்டா இவளுக்கு அப்பா" என்றேன். அழுகையில் வருகிற பேச்சு. எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்வதுதான். ஆனால் நீ அதை நியமன ஆணை மாதிரி எடுத்துக்கொண்டாய். பெங்களூரில் இருந்துகொண்டே அவள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று நீ சொன்னாய். எந்த டியூஷன், எந்தத் தோழியோடு பேசக்கூடாது, எல்லாம் நீ. நானும் விட்டேன். பொறுப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் பயமும் அவரிடம் போய்விடும் என்று நினைத்தேன். அவளைப் பிள்ளையாகப் பார்க்கத் தெரிந்த அவள் அப்பாவுக்கும், அப்பா வேலை பார்த்த உனக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் கவனித்திருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் அவள் உன்னிடம் போனில் என்ன சொன்னாள் என்று நினைவிருக்கிறதா? "அண்ணா, எனக்கு ஜியாக்ரஃபி வர்ற குரூப் வேணும். அம்மா ஸ்கூல்லயே இருக்கு." நீ சிரித்தாய். "அது மார்க் வராதவங்க எடுக்கிறதுடி. நீ நானூத்தி எழுபது எடுத்திருக்க. நான் விட்டத நீ பிடிக்கணும்." உன் சிரிப்பு ஸ்பீக்கரில் கூடம் முழுதும் கேட்டது. அவளுக்கு அந்தப் பாடம் ஏன் பிடிக்கும் என்று நீ கேட்கவே இல்லை. நாம் ஸ்ரீரங்கத்தில், ஒரு தீவில் குடியிருக்கிறோம். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். பிறந்ததிலிருந்து தினமும் பாலத்தில் போய்வருகிறோம், உனக்கும் எனக்கும் அது போக்குவரத்து நெரிசல் மட்டும்தான். அவள் அஞ்சாம் வகுப்பில் இருந்தபோதே அப்பாவைக் கேட்டாள். ஒரே ஆறு முக்கொம்பில் ஏன் இரண்டாகப் பிரிகிறது, எது பள்ளம், எதில் மணல் சேர்கிறது. அவர் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். அவருக்கும் பதில் தெரியாது. இருவரும் அங்கே இருக்கிற பொதுப்பணித்துறை ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த நோட்டு வீட்டில் இருக்கிறது. நீ பார்த்ததில்லை.

நீ சொன்ன இடத்திலேயே சேர்த்தோம். பெயருக்கு ஒரு பள்ளி, படிப்பதற்கு ஒரு நீட் கோச்சிங். காலை ஐந்தே முக்காலுக்கு வேன் வரும். பிள்ளைகள் அதில் ஏறியவுடன் தூங்கிவிடுவார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவாள். சனிக்கிழமை தோறும் டெஸ்ட், ஞாயிறு காலை மதிப்பெண் குறுஞ்செய்தியாக வரும். படிவத்தில் பெற்றோர் எண் என்று இருந்த இடத்தில் நான் என் எண்ணை எழுதியிருந்தேன். அதனால் வாராவாரம் எனக்கு வருவதை உனக்கு அனுப்பச் சொன்னாய். எனக்கு அதெல்லாம் சரியாக வராது என்று யாழினியிடமே போனைக் கொடுப்பேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்காரரின் எண்ணைத் தேடியபோது, எனக்கு வந்த செய்தியையும் உனக்குப் போன செய்தியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். எனக்கு வந்ததில் எழுநூற்றிருபதுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. உனக்குப் போனதில் நானூற்றுப் பன்னிரண்டு.

அவளைக் கூப்பிட்டேன். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாள். போனைக் காட்டினேன். மறுக்கவில்லை, அழவுமில்லை. "அண்ணன் காலையில எனக்கு கால் பண்ணிப் பேசறத நீ கேட்டதில்லம்மா. நாளைக்கு ஒரு நாள் கேளு. அப்புறம் அடிக்கறதுன்னா அடி" என்றாள். மறுநாள் ஐந்தரைக்கு உன் அழைப்பு வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். நீ காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நானூத்திப் பன்னெண்டு. மீதி எங்க?" என்றாய். அவள் லேஸ் முடிச்சை இறுக்கினாள். "உன்னத்தான் கேக்கறேன். மீதி முந்நூத்தி எட்டு எங்க? யாரு எடுத்துட்டுப் போனா? அப்பா இல்லாத பொண்ணுன்னு காலேஜ்ல சீட்டு குடுப்பாங்களா?" பொய்யாக இருநூறு கூட்டிக் கொடுத்ததற்கே இந்தப் பேச்சு என்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன பேசியிருப்பாய்? அவள் "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது ஷூவையும் மாட்டிக்கொண்டு வேனுக்குப் போனாள். நான் அவள் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கொடுக்க மறந்துவிட்டேன். அது என் வாக்கியம், என் குரல். நீ ஒரு எழுத்தும் மாற்றாமல் பேசினாய்.

அந்த வாரமே நான் கோச்சிங்குக்குப் போய், போதும் என்று சொல்லி அவளைக் கூட்டி வந்திருக்க வேண்டும். அதுதான் ஒரு தாய் செய்வது. நான் செய்யவில்லை. நாலு பேர் கேட்பார்கள், நடு வருடத்தில் எங்கே சேர்ப்பது, உன்னோடு யார் சண்டை போடுவது, ஒருவேளை இரண்டு மாதத்தில் அவளுக்குப் பிடித்துவிட்டால்? ஆயிரம் யோசனை. கடைசியில் சுலபமானதைச் செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் கொடுக்கவில்லை, நானே மாற்றி அனுப்பினேன். ஒரு பிள்ளைக்கும் தகுதியில்லாமல் அரை மதிப்பெண் கூடப் போடாதவள் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வாட்டி நானூத்தி இருபது போடும்மா, ரொம்ப ஏத்தினா சந்தேகம் வரும்" என்று சொல்வாள். அந்த ஐந்து மாதத்தில் நானும் அவளும் சேர்ந்து சிரித்தது அந்த நிமிடங்களில் மட்டும்தான். அதற்காக நான் வெட்கப்படுகிறேன், ஆனால் பொய் சொல்ல மாட்டேன், சிரித்தோம். நீயோ உன் அழைப்பில், "பாத்தியாம்மா, பிரஷர் குடுத்தா வருது" என்றாய். கூட்டக் கூட்ட உன் இலக்கும் ஏறியது. மார்கழிக்குள் ஐந்நூற்றைம்பதைத் தாண்டியிருந்தோம். உண்மையில் அவள் நூற்றெண்பதுக்கு இறங்கியிருந்தாள். கடைசி இரண்டு டெஸ்டுக்கு அவள் போகவே இல்லை. வயிற்றுவலி என்றாள், நான் நம்பினேன் என்று எழுத மாட்டேன்.

பிறகு தை மாதம், உன் நிச்சயதார்த்தம். தில்லைநகரில் ஒரு ஓட்டலின் சின்ன ஹால். தட்டு மாற்றியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால், அருகில்தானே என்று ஸ்வீட் பெட்டியோடு கோச்சிங்குக்குப் போனாய். கோஆர்டினேட்டருக்கு நன்றி சொல்லப் போகிறேன் என்றாய். நான் தடுக்கப் பார்த்தேன். "இப்ப எதுக்குடா, நல்ல நேரத்துல?" என்றேன். நீ கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் அச்சடித்த தாளோடு வந்தாய். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாலு வார்த்தை திட்டி, ஏன், ஒரு அடிகூட அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். ஏமாந்தவனுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் நீ ஹாலின் நடுவில் நின்றாய். நிவேதாவின் அப்பா, அம்மா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள், நம் பக்கத்து முப்பது பேர். "எங்க அம்மாவும் தங்கச்சியும் சேந்து என்னை எவ்ளோ அழகா முட்டாளாக்கிருக்காங்க பாருங்க" என்று ஆரம்பித்து, வாரம் வாரமாகப் படித்தாய். வாரம் ஒன்பது, இருநூற்றி நாலு. வாரம் பத்து, நூற்றுத் தொண்ணூற்றாறு. அவள் தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றுதான் முதல்முறையாகப் பட்டுப்பாவாடை தாவணி கட்டியிருந்தாள், நான் கட்டிவிட்டது. வாரம் பதினாலு வரை நின்றாள். பிறகு தட்டைக் குனிந்து தரையில் வைத்தாள், சிந்தாமல் வைத்தாள். வெளியே போய்விட்டாள். நீ பதினைந்தைப் படித்துக்கொண்டிருந்தாய்.

நான் கீழே வருவதற்குள் தெருவில் இல்லை. போனும் பையும் ஹாலிலேயே இருந்தன. ஆட்டோ பிடித்து சத்திரம் பேருந்து நிலையம் போனேன். அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். டைம்கீப்பர்தான் கவனித்திருந்தார். "பட்டுப்பாவாடை கட்டின பொண்ணா? ஜீயபுரம் வழியாப் போற வண்டியில ஏறுச்சுங்களே. பொம்பளப் பிள்ளைங்களுக்கு டவுன் பஸ்ல காசு கிடையாதே, அதான் பை இல்லாமலே ஏறிருச்சு. ஏங்க, ஏதும் பிரச்சினையா?" என்றார். அடுத்த வண்டியில் ஏறினேன். செழியா, அந்தச் சாலை உனக்குத் தெரியும். குடமுருட்டி தாண்டியதும் ஒரு பக்கம் முழுக்க ஆறு. தை மாதம், தண்ணீர் இருந்தது. ஒவ்வொரு படித்துறையாக நான் பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன தேடினேன் என்று எழுத மாட்டேன். மஞ்சள் பாவாடை, பச்சைத் தாவணி. துவைத்துக் காயப்போட்டிருந்த மஞ்சள் துணி எதைப் பார்த்தாலும் எழுந்து நின்றேன். கண்டக்டர் "உக்காருங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னார். அந்த நாற்பது நிமிடம் எனக்கு உன்மேல் இருந்த வெறுப்பை, ஆமாம், வெறுப்பைத்தான், நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. பெற்ற பிள்ளையை வெறுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என்னையும் அதே அளவு வெறுத்தேன், அதை நீ தெரிந்துகொள்வதும் நல்லது.

ஜீயபுரம் கடைவீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். தாவணியில் எண்ணெய்க் கறை. கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும், "பிள்ளை பசியோட இருந்துச்சு. யாரு என்னன்னு கேக்கல, குடுத்தேன். திட்டாதீங்க" என்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். "முக்கொம்புக்குத்தாம்மா ஏறினேன். பசிச்சிச்சு, எறங்கிட்டேன்" என்றாள். ஒரு பஜ்ஜியை என்னிடம் நீட்டினாள். பிறகு தெருவை எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அண்ணன் வந்திருக்கா?" நான் அன்றைக்கும் ஒரு பொய் சொன்னேன். "பின்னாடி வண்டியில வர்றான்."

அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். எவ்வளவு ஆனாலும் அண்ணன், பயந்துபோய்க் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "அண்ணன்தான், பேசு" என்று போனை அவளிடமே கொடுத்தேன். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உன்னை மன்னிக்கத் தயாராக இருந்த முகம். ஸ்பீக்கரை அழுத்தினாள். நான்தான் எடுத்தேன் என்று நினைத்து நீ பேசினாய். "அம்மா, கோஆர்டினேட்டர்கிட்ட பேசிட்டேன். டெஸ்டுக்கு வராததால பேர அடிச்சிட்டாங்களாம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்து லெட்டர் எழுதிக் குடுத்தா கடைசி பேட்ச்ல திரும்ப எடுத்துக்குவாங்களாம். லேட் பண்ணினா அதுவும் போயிரும். சரியா?" அவ்வளவுதான். கிடைத்தாளா என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளை கையில் எதுவும் இல்லாமல் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது, நீ பேட்சில் இடம் பிடித்துக்கொண்டிருந்தாய். அவள் போனை என் மடியில் வைத்தாள். "உனக்குத்தாம்மா போன்" என்றாள். மீதி பஜ்ஜியை அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு நான் போனேன். கடிதம் எழுதிக் கொடுத்தேன். நீ சொன்ன கடிதம் அல்ல, டி.சி. கேட்டுக் கடிதம். என் பள்ளித் தலைமையாசிரியை, "நடு வருஷத்துல வேற குரூப்புக்கு எடுக்க முடியாதுங்க டீச்சர். ஜூன்ல புதுசா லெவன்த் சேத்துக்கலாம். ஒரு வருஷம் போகும், யோசிச்சுக்குங்க" என்றார். யாழினியிடம் கேட்டேன். இந்த முறை நிஜமாகவே கேட்டேன், பதில் வரும்வரை காத்திருந்தேன். "போகட்டும்மா" என்றாள். இப்போது என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெரிய மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. முதல் புவியியல் தேர்வில் அறுபத்தொன்று. இலக்கணத்தில் என்னிடமே குட்டு வாங்குகிறாள். இந்தக் குரூப் படித்தால் அடுத்து எந்தக் கல்லூரி, என்ன வேலை என்று எனக்கு இன்றும் பயம்தான். அவள் பார்க்காதபோது கல்லூரிப் பட்டியல்களை எடுத்துப் பார்க்கிறேன். இந்தப் பயம் என்னை விட்டுப் போகாது. ஆனால் அதை இப்போது நானே சுமக்கிறேன், அவள் தட்டில் பரிமாறுவதில்லை.

இனி உன் செய்திக்கு வருகிறேன். மன்னிப்பு. மதிப்பெண்ணை முதலில் மாற்றியது அவள், பதினாறு வயது. ஐந்து மாதம் மாற்றியது நான், ஐம்பத்து நாலு வயது. அவளை மட்டும் ஏன் கேட்கிறாய்? என்னை மேடையில் நிற்க வைத்தே ஆக வேண்டும், தாய் இல்லாமல் படம் நன்றாக இருக்காது, அதனாலா? நிவேதா வீட்டுக்கு நான் மாசி மாதமே போய்விட்டு வந்தேன், உனக்குத் தெரியாது. நடந்ததை முழுதும் சொல்லி, பெண் பார்க்க வந்த அன்று யாழினியின் மதிப்பெண் என்று பொய்யான பெருமையை அவர்கள் காதில் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். நிவேதாவின் அப்பா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "எங்க பொண்ணும் ரெண்டு தடவ நீட் எழுதி விட்டவதாங்க. நாங்களும் ஊர்ல என்னென்னமோ சொல்லித்தான் சமாளிச்சோம்" என்றார். வாசல்வரை வந்த நிவேதா என்னிடம் தனியாகச் சொன்னதையும் எழுதுகிறேன், நீ அவளிடம் சண்டை போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். "அத்தை, பொண்ணு பாத்துட்டுப் போன ரெண்டாம் நாள் அவர் என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? டென்த்ல மேத்ஸ்ல எவ்ளோன்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை ஒரு நாள் "மீதி எங்க?" என்று நீ கேட்பாய் என்றால், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். மிரட்டல் என்று எடுத்துக்கொள், மிரட்டல்தான். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது பதினொன்றாம் வகுப்புக்குப் படிவம் வாங்கி வரும்போது, பேனாவை அதன் கையில் கொடு. அது எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. என்னால் முடியாமல் போனதை உன்னிடம் கேட்கிறேன்.

யாழினி மன்னிப்புக் கேட்க மாட்டாள். அவள் கேட்கிறேன் என்றாலும் நான் விடமாட்டேன். கேட்க வேண்டியவன் நீ. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பெரியவர்கள் யாரும் வேண்டாம். அவளிடம் மட்டும் கேள். அதுவரை உன் கல்யாணத்தில் நான் எங்கே நிற்பேன் என்பதை நீ முடிவு செய்ய முடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் துணி மடித்து வைக்க வந்தாள். "யாருக்கும்மா இவ்ளோ பெரிய லெட்டர்?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். "என்னைப் பத்தியா?" என்றாள். "என்னைப் பத்தி" என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் எட்டிப் பார்க்கவும் இல்லை. துணியை அலமாரியில் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் போய்த் திரும்பி நின்று, "கல்யாணத்துக்கு அண்ணி என்ன கலர் கட்டறாங்கன்னு கேட்டு எழுதும்மா. அதே கலர்ல நான் எடுத்துட்டா நல்லா இருக்காது" என்றாள். உன் செய்தியை நான் அவளிடம் காட்டவில்லை. அவள் இன்னும் உன் கல்யாணத்துக்கு வருகிற நினைப்பில்தான் இருக்கிறாள். ஆறு மாதமாக நீ ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, உன் மனைவியின் புடவை நிறத்துக்குத் தன் புடவை இடிக்கக்கூடாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவ்வளவு பெரிய மனம் கிடையாது, அதனால் இந்தக் கடிதம் இப்படித்தான் இருக்கும்.

அவள் கேட்டதை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. அவள் எண் உன்னிடம் இருக்கிறது. நீயே கூப்பிட்டு நிறத்தைச் சொல்.

அம்மா